அரைப்பேர் போட்ட உல்லாசப் பயணம்

நான் இதுவரை யாரையும் வாய் திறந்து திட்டியதில்லை. மனதுக்குள் திட்டியவர்களை வரிசையாக நிறுத்தினால் தலவாக்கலையில் தொடங்கி ஹட்டன் வரைக்கும் நிற்பார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் என் மச்சான் செல்வராஜ். இரண்டாவது ஒரு கண்டாக்கையா, மலையில் வேலை வாங்குகிற தோட்டத்து அதிகாரி. மூன்றாவது நான். (சில நாளைக்கு நாந்தான் முதல்ல நிப்பேன்.)

கூச்சத்துக்கு மருந்து கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளும் கையைத் தூக்கிப் பதில் சொன்னதில்லை, பதில் தெரிந்த நாளிலும். அதற்குப் பிறகு லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற வேலை. தேயிலைச் செடியை எவ்வளவு வெட்டினாலும் எதிர்த்துப் பேசாது என்பதால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. பஸ்ஸில் என் இடம் வந்தால் 'இறக்கம்' என்று சத்தம் போட வெட்கப்பட்டு, அடுத்த ஆள் இறங்குகிற இடம் வரைக்கும் போய் நடந்து திரும்புகிற ஆள் நான்.

என் மனைவி புஷ்பம் அப்படியில்லை. இருபத்துநாலு வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். எங்களிடம் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று சொல்வோம். சொன்ன நிறைக்குக் கொழுந்து இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. காய்ச்சலோடு மலையேறி, அரைக் கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் வாங்கி வந்த நாட்களில் அவள் அடுப்படியில் பாத்திரங்களை வைக்கிற சத்தம் அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேட்கும். நான் வாசலில் நின்று கோபப்படுவேன். உள்ளுக்குள்தான்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. நுவரெலியா ஏரிக்கரையில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, வேறு யாராவது போட்டுத் தருகிற டீயை ஆறுவதற்கு முன்னால் குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருத்தரும் அவளைக் கூப்பிடக் கூடாது. இவ்வளவுதான். கல்யாணமான வருடத்திலிருந்து 'வர்ற வருஷம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் புஷ்பத்தின் அண்ணன் செல்வராஜ் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தான். வந்ததும் ஒரு பழைய ட்ராக்டரும் ட்ரெயிலரும் வாங்கினான். ஒரு தோட்டம் கழித்துப்போட்ட கொழுந்து ட்ரெயிலர் அது. பச்சைப் பெயின்ட், பக்கமெல்லாம் வலைக்கம்பி, மேலே தகரக் கூரை, கூரையின் நடுவில் தராசு மாட்டுகிற பெரிய இரும்புக் கொக்கி. ஒரு நாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மச்சான், இங்க பாருங்க. வெள்ளக்காரன் ட்ரெயிலருக்குள்ள மெத்த போட்டு, அடுப்பு வச்சு, பொண்டாட்டியோட ஊரு ஊராப் போறான். நம்மகிட்டயும் ட்ரெயிலர் இருக்கில்ல?"

"அது வேற, இது வேற மச்சான்" என்று சொல்ல நினைத்தேன். "சரி மச்சான்" என்றுதான் வாயில் வந்தது.

புஷ்பம் மூன்று நாள் லீவு எடுத்தாள். ஏரிக்கரைக்கென்று மஞ்சளில் ஒரு புதுச் சேலை வாங்கினாள். செல்வராஜ் ட்ரெயிலருக்குள் மெத்தை விரித்தான், ஜன்னல் இல்லாத இடத்தில் ஜன்னல் திரை கட்டினான். கொக்கியை மட்டும் கழற்றவில்லை. "இருக்கட்டும் மச்சான், வாழப்பழம் தொங்கவிட ஆகும்" என்றான். அந்தக் கொக்கி வம்பு என்று பார்த்த அன்றே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் நாளைக் குறை சொல்ல மாட்டேன். நுவரெலியா மேலே இருக்க, அவன் கீழே தலவாக்கலைக்கு ஓட்டினான். அவசரப்படக் கூடாதாம், அதுதான் வெள்ளைக்காரன் முறையாம். புஷ்பம் கடை கடையாக நின்று பார்த்தாள். எதையும் வாங்கவில்லை, பார்த்தாள். எங்களைத் தெரிந்த துணிக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர், வெளியே வந்து, "என்ன தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல நானா. சும்மா வந்தோம்."

இருபத்துநாலு வருடத்தில் புஷ்பம் அந்தக் கேள்விக்குச் 'சும்மா' என்று பதில் சொன்னது அன்றுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் நானுஓயாவைத் தாண்டும்போது செல்வராஜுக்குப் புத்தி கெட்டது. "மெயின் ரோட்டுல பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுருவான். தோட்டத்துப் பாதையில போவோம், வியூ நல்லாருக்கும்" என்று ட்ராக்டரைத் திருப்பினான். தெரியாத தோட்டம். ஒரு வளைவில் நிறுத்திவிட்டு, வீடியோ எடுக்கிறேன் என்று போனோடு எதிரில் இருந்த பாறையில் ஏறினான். புஷ்பம் மெத்தையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மணி பத்து. தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பத்து மணி என்றால் காலைக் கொழுந்து நிறுக்கிற நேரம் என்று தெரிய வேண்டாமா? வளைவுக்கு மேலே இருபது பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு நின்றார்கள். அவர்களுடைய ட்ரெயிலர் எங்கோ பழுதாகி நின்றிருக்கிறது. வேறொன்று வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மழையும் இறங்கப் பார்க்கிறது. பச்சை ட்ரெயிலர், கூரையில் கொக்கி. வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

முதல் சாக்கு புஷ்பத்தின் மடியில் விழுந்தது.

"ஏய், யாரது!" என்று அவள் கத்தினாள். அதற்குள் இரண்டாவது, மூன்றாவது. ஒரு பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, வேடிக்க பாக்காம கை குடுங்க" என்றாள்.

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கை கொடுத்தேன். வாழைப்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சாக்கைத் தூக்கி, எங்கள் மெத்தையில், ஒழுங்காக, ஓரத்திலிருந்து அடுக்கினேன். அடுக்கியது நேராக இருந்ததா என்று தள்ளி நின்றுகூடப் பார்த்தேன்.

"சொல்லுங்களேன்! இது நம்ம வண்டின்னு சொல்லுங்களேன்!" சாக்குகளுக்கு நடுவிலிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது.

சொல்லத்தான் போனேன். அப்போது குடையோடு அந்தக் கண்டாக்கையா வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்ப்பதில்லை. கொக்கியை மட்டும் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்யா? பழத்த தூக்கிட்டுத் தராச மாட்டு. சீக்கிரம் பெக்டரிக்குக் கொண்டு போ."

"சரிங்கய்யா" என்றேன்.

ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏங்கக்கா, ட்ரெயிலருக்குள்ள மெத்த, திரச்சீல எல்லாம் போட்டிருக்கு? எந்தத் தோட்டத்துலக்கா இவ்வளவு வசதி? நாங்களும் பேர் பதிஞ்சுக்கிறோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை. செல்வராஜ் பாறையிலிருந்து ஓடிவந்தான். கட்டாரில் வேலை பார்த்தவன், நாலு பாஷை பேசுகிறவன், கண்டாக்கையாவின் குடையைப் பார்த்ததும் ஒரு பாஷையும் பேசாமல் ட்ராக்டரில் ஏறி உட்கார்ந்தான்.

தேயிலைப் பெக்டரி கீழே இருந்தது. நுவரெலியா மேலே. எங்கள் பயணம் கீழே போயிற்று. அங்கே சாக்குகளை இறக்கியவர்கள் வந்த வேகத்தில் எங்கள் தலையணையையும், புஷ்பத்தின் சேலைப் பையையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். கொழுந்தை வாடப்போடுகிற நீளமான தட்டில், பச்சைக்கு நடுவே மஞ்சளாகக் கிடந்தது அவளுடைய ஏரிக்கரைச் சேலை. சூடான காற்றில் அதுவும் வாடிக்கொண்டிருந்தது. புஷ்பம் போய் எடுத்து உதறினாள்.

"இன்னொரு லோடு இருக்கு" என்று மேலே அனுப்பினார்கள். (போனோமா? போனோம். கேக்காதீங்க.)

நாங்கள் வளைவுக்குத் திரும்பியபோது சுற்றுலாக்காரர்கள் வந்த வான் ஒன்று நின்றது. பயணமென்றால் அது பயணம்: தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா. கூட்டிவந்த ஆள், சாக்குப் பக்கத்தில் நின்ற புஷ்பத்திடம் சிங்களத்தில், "அக்கே, பொட்டக் ஹினாவென்ன" என்றான். கொஞ்சம் சிரிக்க வேண்டுமாம். அவர்கள் படம் எடுக்க வேண்டுமாம்.

புஷ்பம் இடுப்பில் கைவைத்தாள். "நானும் டூர் வந்தவதான்! அவங்கள வந்து இந்தச் சாக்கத் தூக்கச் சொல்லு. நான் சிரிச்சுக்கிட்டே படம் எடுக்குறேன்."

அவனுக்கு என்ன விளங்கியதோ, வானைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மலையிலிருந்த பெண்கள் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் தோட்டத்தின் உண்மையான ட்ரெயிலர் வந்தது. கண்டாக்கையா அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்ப அதைப் பார்த்தார். முதல் தடவையாக என் முகத்தையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மனதுக்குள் மன்னிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

"யாருய்யா நீங்க? யாரக் கேட்டுத் தோட்டத்துக்குள்ள வந்தீங்க?"

அப்போது எனக்கு என்னவோ ஆயிற்று. காதுக்குள் இரைந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து சேர்த்துவைத்த கோபமெல்லாம் தொண்டைக்கு ஏறியது. இது எங்கள் வீடு, அதில் கொழுந்தைக் கொட்டியது நீ. இது என் பொண்டாட்டியின் லீவு, அதைத் தின்றது நீ. அவளிடம் மன்னிப்புக் கேள். இதைத்தான் சொல்ல நினைத்தேன், வரிசையாக. வாயைத் திறந்தேன். மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"எனக்குப் பேர் போடுங்க!"

எல்லாரும் அப்படியே நின்றார்கள். செல்வராஜின் வாய் திறந்திருந்தது. எனக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. "எனக்கும் என் பொண்டாட்டிக்கும்! முழுப்பேரு!" என்று அதோடு சேர்த்தும் கத்தினேன்.

கண்டாக்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம் அப்படி, வேறு தோட்டத்து ஆள் என்பதையும் மறந்துவிட்டார்.

"பதினொன்ற மணிக்கு முழுப்பேரா? அரைப்பேருதான்."

மலையே சிரித்தது. புஷ்பமும் சிரித்தாள். முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். முன்பு 'கை குடுங்க' என்ற பெண் தன் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றி, "குடிங்கக்கா, எந்திரிக்காதீங்க" என்று கொடுத்தாள். வெறும் சாயம், பால் போடாத டீதான், ஆவி பறந்தது. புஷ்பம் அதை ஆறுவதற்கு முன் குடித்தாள். ஏரி இல்லை, கதிரை இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்தாள், வேறொருத்தி போட்ட டீ, யாரும் கூப்பிடவில்லை.

பிறகு மழை கொட்டியது. மெத்தை ஊறிப் பாறையாகக் கனத்தது. கொழுந்து வாசனை அடிக்கிற சேலையோடு வீட்டுக்குத் திரும்பினோம்.

செல்வராஜ் வீடியோவை நிறுத்தாமல், போனைப் பாறையிலேயே விட்டுவிட்டுத்தான் ஓடிவந்திருக்கிறான்; வளைவில் நடந்ததெல்லாம் அதில் பதிந்திருந்தது. அந்த வீடியோ கட்டார் வரைக்கும் போயிற்று. கொழும்பில் வேலை செய்கிற என் மகள் போன் எடுத்தால், "அப்பா, இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். அந்தக் கொக்கியைப் புஷ்பம் கழற்றி வாங்கி எங்கள் அடுப்படியில் மாட்டியிருக்கிறாள். நான் யாருக்காவது 'சரிங்கய்யா' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தால், நிமிர்ந்து அதைப் பார்ப்பாள்.

போன மாதம் பஸ்ஸில்தான் அவளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் ஒரு கடை. அவளுக்குக் கதிரை கிடைத்தது, டீயும் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. பக்கத்து மேசைக்குப் பெரிய குடும்பம் ஒன்று வர, கடைக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணே, அந்தக் கதிரைய இப்பிடிக் கொஞ்சம் போடுறீங்களா?" என்றார்.

ஆறு கதிரைகளையும் போட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். புஷ்பம் கடைசி மடக்கைக் குடித்துக் கோப்பையை வைத்தாள். என் டீயில் ஆடை படிந்திருந்தது.

"உக்காருங்க" என்றாள். "எனக்கு முழுப்பேரு. உங்களுக்கு இன்னைக்கும் அரைதான்."