கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஐந்து மன்றாட்டுகள்

அடைக்கல மாதா துணை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை கிளமெண்டுக்கு, மாமா அடைக்கலசாமி எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அக்கா அற்புதம், இரண்டு வெள்ளாடு, பெரிய ஏரி எல்லோரும் மாதா தயவில் நலம். சென்னையில் நீயும் ஷைனியும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டிக்கொள்கிறோம். ஏரியை எதற்கு நலத்தில் சேர்த்தேன் என்று கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஏரிக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, தோண்டிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி கேட்டதும், அரியலூரில் அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்ததும் உனக்குத் தெரியும். ஏரி போனால் நானூறு ஏக்கர் தரிசு. நம் மாதா கோயில் தெருவும் விவசாயச் சங்கத்து ராசாங்கத்தின் மாரியம்மன் கோயில் தெருவும் சேர்ந்து குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான். ரெண்டு தெருவும் கூடி, "ஹெட்மாஸ்டரா இருந்தவரு, நீங்களே பேசுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நீ போனில் சொன்ன பதினேழு குறிப்பையும் வைத்து நான் ஒரு மனு எழுதினேன். சும்மா சொல்லவில்லை மாப்பிள்ளை, அதைக் கேட்டால் கல்லும் கரையும். மூன்று நாள் எழுதி, சர்ச் ஃபைலில் வைத்து, கூட்டத்தன்று காலையில் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்றைக்குச் சாமியார் ஏரிக்காக ஆறு மணிக்கே பூசை வைத்தார். விசுவாசிகள் மன்றாட்டை, சனம் பதில் சொல்லச் சொல்ல, வாசித்தது நான்தான். வாசித்த தாளையும் நாலாக மடித்து அதே பையில் போட்டேன், பார், அங்கேதான் சனியன் பிடித்தது. பூசை முடிந்த கையோடு மூன்று வேனில் ஊரே கிளம்பி, மண்டபத்தில் போய் உட்கார்ந்து, என் பேரைக் கூப்பிட்டதும் மேடையேறி, பையில் கைக்கு வந்த தாளை எடுத்துப் பிரித்து, "எங்கள் திருத்தந்தைக்காகவும் ஆயர்களுக்காகவும்" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லையே! இருபத்திரண்டு வருஷமாக மைக்கைக் கண்டால் இந்த வாய் அந்த ராகத்தில்தான் ஓடும். "உம்மை மன்றாடுகிறோம்" என்று முடித்தேனோ இல்லையோ, மூன்று வேன் சனமும் எழுந்து நின்று "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. மண்டபம் அதிர்ந்தது. அப்போதுதான் தாள் மாறிப்போனது தெரிந்தது. பாதியில் நிறுத்தினால் மானம் போய்விடும் என்று மேலே படித்தேன். ரெண்டாவது, ஆளுவோர் பொய் வாக்குக் கொடுக்காமல் இருக்க. மேடையில் இருந்த அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாவது, நீர் தந்த ஏரியையும் அதன் மீனையும் கொக்கையும் அழிக்காத மனசு எங்களுக்கு வேண்டும் என்று. அதற்கு ராசாங்கமும் பச்சைத் துண்டு போட்ட அவர் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது நோயாளிகளுக்கு. ஐந்தாவது இறந்தோருக்கு. அந்தக் கடைசிக்கு, கம்பெனி பக்கத்தில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த மேனேஜரே எழுந்து கைகூப்பி, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எந்த ஊர்ப் பங்குக் கோயிலில் வளர்ந்தவரோ, பாவம், சின்ன வயசுப் பழக்கம் விடுமா? தலைமை தாங்கிய அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்து, "நீங்களும் ஆட்சேபிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு கட்சிக்காரர், செந்தில்குமார் என்று பெயராம், எழுந்து இது அரசாங்கக் கூட்டமா மாதா கோயிலா என்று சத்தம் போட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நான் வாய் தவறியதால் ஏரி மதச் சண்டையாகி, ராசாங்கத்தின் தெரு நம்மோடு முகம் கொடுக்காமல் போய்விடுமோ என்றுதான் பயம். ராசாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அவரு அவுங்க சாமிகிட்ட கேட்டாருங்க. நான் ஒங்ககிட்ட கேக்குறேன். ரெண்டு பேரும் கேக்குறது ஒரே ஏரியத்தான். எழுதிக்குங்க." அந்த அம்மா எழுதிக்கொண்டார், மாப்பிள்ளை. ஊர் முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் ஐந்து முறை ஆட்சேபித்தது என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் நாற்பது நாள் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் நின்றால் கேஸ் வந்துவிட்டது என்று கொல்லைப் பக்கம் போய்விடுவேன். நேற்றுத்தான் நல்ல சேதி வந்தது. ஏரியையும் வரத்து வாய்க்காலையும் தொடக் கூடாது என்று கம்பெனியின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். உன் அக்கா கரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், முகம் கழுவுவதுபோல் குனிந்துகொண்டு.

ஒரே ஒரு மனக்குறைதான். என் மனுவை யாரும் கேட்கவில்லையே! ஞாயிறன்று பூசை முடிந்ததும் ரெண்டு தெருவும் சேர்ந்து எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அப்போது அந்த மனுவை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டப் போகிறேன். பூசையில் வாசித்த பேப்பராக்கும் என்று உன் அக்கா அதைப் பையிலிருந்து எடுத்து, பிரிக்காமலே செபப் புத்தகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறாள். உனக்கும் ஒரு ஜெராக்ஸ் இதோடு வைக்கிறேன்.

ஷைனிக்கு என் ஆசீர். பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
அடைக்கலசாமி

பி.கு.: ஜெராக்ஸ் வைக்கவில்லை. எடுக்கலாம் என்று இப்போதுதான் அந்தத் தாளைப் பிரித்தேன். அது உன் பதினேழு குறிப்பு இல்லை, மாப்பிள்ளை. அந்த மனு இன்னும் சர்ச் ஃபைலிலேயே இருக்கிறது; அன்று காலையிலேயே தாளை மாற்றி எடுத்திருக்கிறேன். இது போன வருஷம் தூர்வாரச் சொல்லி நான் எழுதிய மனு. "எங்கள் ஏரியை எவ்வளவு ஆழம் முடியுமோ அவ்வளவு ஆழம் தோண்டித் தருமாறு ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் மனமுவந்து கேட்டுக்கொள்கிறோம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அன்றைக்குக் கை மட்டும் இந்தத் தாளில் பட்டிருந்தால்! அடுப்பில் போட்டுவிட்டேன். ஞாயிறன்று நான் எதையும் வாசிக்கப் போவதில்லை. பொன்னாடையைப் போர்த்தியதும் நேரே கொண்டுபோய் மாதாவுக்குச் சாத்திவிடப் போகிறேன். ஏன் என்று யார் கேட்டாலும், மாமாவுக்கு ரொம்ப அடக்கம் என்று சொல்லிவை.