விடைநூலுக்கு ஒரு தலைமையாசிரியர் கடிதம்

லண்டன்,
11 மார்ச் 1958

அன்புள்ள எர்னஸ்ட் மாமாவுக்கு,

ஹில்டா எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், அத்தை சுகமாக இருப்பாள் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

எங்கள் பதிப்பகத்துக்கு அடுத்த மாதம் நூறு வயது. அதன் வரலாற்றை எழுதும் வேலையை முதலாளி பென்ஃபோல்ட் எனக்குத் தந்தார். வெள்ளிக்கிழமைக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த அவருடைய அக்கா மகன் எழுதுவார். இத்தனை வருடமாக எங்களுக்குப் படியளப்பது ஒரு லத்தீன் பாடநூல். அது பிறந்த கதை அதன் பழைய விடைநூலின் முன்னுரையில் மட்டும்தான் இருக்கிறது. அந்த விடைநூலோ கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது. மாணவர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று, தலைமையாசிரியர் கடிதம் இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது நிறுவனர் வைத்த விதி.

கிடங்கு மேலாளர் கிரப்பிடம் போனேன். "நான் இங்கதான் சார் வேலை பாக்கறேன், மூணாவது மாடியில."

"தெரியும்மா. காலையில உனக்குக் கதவத் திறந்துவிட்டதே நான்தான். கடிதம் எங்க?"

"போன வருஷப் பதிப்புக்கு விடையெல்லாம் திருத்தினதே நான்தான் சார்."

"அப்ப உனக்குத்தான் எல்லா விடையும் தெரியுமே, புத்தகம் எதுக்கு?"

புத்தகங்களைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். முதலாளியிடம் சொன்னால், "விதி விதிதான் ஹில்டா. கிரப் என்னையே ஒரு தடவ திருப்பி அனுப்பிட்டார்" என்று பெருமைப்படுகிறார்.

அந்த ஆத்திரத்தில்தான் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் காவல் பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுதானே எழுதினேன்? நீங்களே தலைமையாசிரியர் மாதிரி எழுதிவிட்டீர்கள், 'இப்பள்ளி முழுவதும் என் பொறுப்பில் உள்ளது' என்று. உள்ளதுதான் மாமா, கொதிகலன், சாவிக்கொத்து, துடைப்பம் எல்லாம் உங்கள் பொறுப்பில்தான். அத்தோடு விட்டீர்களா, 'நல்ல பெண், புத்தகத்தில் டீ சிந்தமாட்டாள்' என்று ஒரு வரி வேறு. எந்தத் தலைமையாசிரியர் அப்படி எழுதுவார்? நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தெருவெல்லாம் சொன்னீர்களே, முதல் கைதியும் நானாகப் போகிறேன். வேறு வழியில்லாமல் அதையே நீட்டினேன். கிரப் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இரு, யோசிக்கணும்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனி என் விஷயத்தில் பேனாவையே தொடாதீர்கள்.

அத்தைக்கு என் அன்பு. கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் விவேகமும் தரட்டும்.

இப்படிக்கு,
ஹில்டா

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் கிரப் மாடியேறி வந்தார். "இத்தன வருஷத்துல எந்த எட்மாஸ்டரும் டீயப் பத்தி யோசிச்சதில்லம்மா. பொறுப்பான மனுஷன்" என்று விடைநூலை என் மேசையில் வைத்தார். பாடநூலின் இரண்டாம் பாகத்துக்குத் தனி விடைநூலாம், தனிக் கடிதமாம். உடனே எழுதுங்கள் மாமா. மையைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்.