அலமாரிக்குள் ஒரு ஊர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டு சார் ஒரு சபதம் எடுத்தார். தலைகீழாக நின்றாவது தன் மனைவியை அலமாரிக்குள் சேர்த்துவிடுவது.

பதற வேண்டாம். துணி அலமாரிதான். ஆனால் அதன் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பக்கத்தில், பழைய கம்ப்யூட்டர் ஒன்று ராப்பகலாக முனகிக்கொண்டிருந்தது. அதை அங்கே வைத்தவன் அவர்களுடைய ஒரே பையன். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து பையனைக் கொண்டுபோய்விட்டது. கம்ப்யூட்டர் மட்டும் மிச்சம்.

"போன்ல ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிறதுக்குக்கூட, பெரிய கம்பெனிக்காரன் இடத்துல நாம எல்லாரும் வாடகைக்குக் குடியிருக்கோம்ப்பா. அவன் நெனச்சா வெளிய தள்ளிடுவான்" என்பான் பையன். "இந்தக் கம்ப்யூட்டர் அப்படியில்ல. இது நம்ம ஊர். இப்படி ஆளுக்கொரு சின்ன ஊர். எந்த ஊர்ல இருந்தும் எந்த ஊருக்கும் பேசலாம். பிடிக்கலையா, மூட்டையக் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடலாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் வாசலில். 'எந்த சர்வரில் சேர விரும்புகிறீர்கள்?', அதாவது எந்த ஊரில், என்று கேட்டதுமே சாதாரண ஜனம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியது. அதனால் கேள்வியே இல்லாத ஒரு வாசலைச் செய்துகொண்டிருந்தான். "அம்மா யார் துணையும் இல்லாம உள்ள வந்துட்டா, அப்புறம் உலகமே வந்துடும்ப்பா." வாசல் பாதியில் நின்றது. அவன் சிநேகிதர்கள் சில பேர் மட்டும் அந்த ஊரில் இருந்தார்கள்.

அதை முடிப்பதுதான் சபதம். பையனுக்காகச் செய்வதற்கு அவருக்கு வேறு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஆனால் கேள்வியில்லாத வாசலைச் செய்யக் கிளம்பியவர் யார்? ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர். அங்கே மாதம் பிறந்தால் பாஸ்வேர்டு மாற வேண்டும். பழையதின் சாயல்கூடப் புதியதில் இருக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர் தன் பாஸ்வேர்டை மறந்து தலையில் அடித்துக்கொள்வது அங்கே அன்றாடக் காட்சி. பூட்டு சார் என்று பெயர் வைத்தது நர்ஸுகள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். பையன் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கி, முதல் காரியமாகப் பத்துக் கேள்வி சேர்த்தார்.

முன்னறையில் மனைவி பள்ளிச் சீருடைகளைக் குவித்துவைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினார்.

"இதுல சேரு. குழந்தைகூடச் சேந்துடும்."

"அப்ப ஏதாவது குழந்தைகிட்டக் குடுங்க. எனக்குக் காலர் வைக்கணும்."

"ரெண்டு நிமிஷம்மா."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "என்னங்க இது, நான் மனுஷிதானான்னு கேக்குது?"

"ரோபோவா இருந்தாத் தெரியணும்ல? ஒரு டிக் போடு."

"இத்தனை வருஷம் உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். மனுஷி தாங்குவாளா? ரோபோன்னே போட்டுக்கங்க."

"அடுத்தது பாரு."

"நீங்கள் வளர்த்த முதல் பிராணியின் பெயர்... உங்க பேரைப் போடவா?"

"அடுத்தது!"

"பாஸ்வேர்டு போட்டேன். வலுவாக இல்லைன்னு சொல்லுது."

"இன்னும் வலுவாப் போடு."

"நானே வலுவா இல்ல. முழங்கால் ரெண்டும் போச்சு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினை மிதித்தாள். சபதத்தின் முதல் நாள் அத்தோடு முடிந்தது.

மறுநாள் பிராணியை எடுத்தார். அவள் மனுஷியில் மாட்டிக்கொண்டாள். மனுஷியை எடுத்தார். பிறந்த தேதியில், "எந்தத் தேதி? அம்மா சொன்னதா, ஸ்கூல்ல போட்டதா?" என்று உட்கார்ந்துவிட்டாள். அதையும் எடுத்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் சொந்தப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி அவருக்கு வலித்தது.

ஒரு சாயங்காலம், 'இங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யார்? அவருக்கு நீங்கள் என்ன உறவு?' என்ற கேள்வியில் வந்து நின்றாள். அன்றைக்கு அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. போனை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவருக்குப் புரிந்தது. பையனைச் சேர்த்திருந்தது அவருடைய ஆஸ்பத்திரியில்தான். அன்று மத்தியானம் மாடி வார்டிலிருந்து போன் வந்து அவள் விழுந்தடித்து ஓடிவந்தாள். வாசல் மேஜையில் நிறுத்திவிட்டார்கள். பார்வையாளர் சீட்டு வேண்டுமாம். யாரைப் பார்க்க வந்தீர்கள்? என்ன உறவு? அடையாள அட்டை எண் என்ன? ஒவ்வொரு கட்டமும் நிரம்பாமல் கதவு திறக்காது. அத்தனை கட்டமும் பூட்டு சார் யோசித்து யோசித்து வைத்தவை. அவள் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பையன் உயிரோடு இருந்தான். பேச்சு நின்றிருந்தது.

அதைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அன்று அவர் மிச்சமிருந்த கேள்விகளை மொத்தமாக அழித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அழித்தார்.

கை அழிக்கப் பழகிவிட்டால் நிற்காது. ஊரைச் சுத்தம் செய்தால் கதவு இன்னும் வேகமாகத் திறக்குமே என்று தோன்றியது. பையனுடைய கணக்கைத் தொடவில்லை. அதை அவரால் திறக்கவும் முடியவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்தபடியே உடைக்க முடியாத பாஸ்வேர்டு வைத்திருந்தான். மாற்றித் திறக்க வழியிருந்தது. மனசு வரவில்லை. ஆனால் 'புதுவீடு' என்று ஒரு கணக்கு இருந்தது. படம் கிடையாது. ஊர் பார்க்க ஒரு வரி எழுதியது கிடையாது. காலி மனை என்று முடிவுகட்டி ஒரே தட்டில் நீக்கினார்.

அடுத்த ஞாயிறு போனை நீட்டினார். திரையில் ஒரே ஒரு பொத்தான். 'உள்ளே வா.' அவ்வளவுதான்.

அவள் அழுத்தினாள். கதவு திறந்தது.

"அவன் இருந்து பாத்திருக்கணும்" என்றார்.

"பாத்திருந்தா சிரிச்சிருப்பான்." சொல்லிக்கொண்டே அவள் தட்டச்சு செய்தாள். இரண்டு கட்டைவிரலும் தையல் ஊசி மாதிரி ஓடின. சிநேகிதர்களுக்கு வணக்கம் போனது, பதில் வந்தது, பதிலுக்குப் பதில் போனது. அவர் வாயைப் பிளந்தார்.

"உனக்கு... இதெல்லாம் தெரியுமா?"

"ஊரை ஆரம்பிச்ச அன்னைக்கே என்னைச் சேத்துட்டான். ஒரு கேள்வி கேக்கல. 'அம்மா, உள்ள வா'ன்னான். அவன் வேலைக்குப் போற பஸ்ஸுல இருந்து எழுதுவான். நான் மெஷின்ல இருந்து எழுதுவேன். சாப்பிட்டியா, தூங்கினியா, அப்பா இன்னைக்கு யாரை அழவச்சாரு... எல்லாம் எங்க ரெண்டு பேருக்குள்ளதான்."

"அப்புறம் ஏன் ஒரு வாரமா தெரியாத மாதிரி..."

"எனக்குத் தெரியும்னா நீங்க ஒரு கேள்வியாவது எடுத்திருப்பீங்களா? அவன் ஆசைப்பட்ட வாசல் வேற எப்படிங்க முடியும்?"

அவருக்கு வேறொரு சந்தேகம் தட்டியது. "உன் கணக்கு... பேரென்ன?"

"புதுவீடு."

பூட்டு சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பையன் அம்மாவுக்கு எழுதிய ஒவ்வொரு வரியும் அதில் இருந்திருக்கிறது. பேச்சு நிற்பதற்கு முன்னால் அவன் பேசியதெல்லாம் இருந்திருக்கிறது. கதவில் நிறுத்தி ஒரு முறை பறித்தார். கதவைத் திறக்கிறேன் என்று இன்னொரு முறை பறித்துவிட்டார்.

"நான் அதை... காலின்னு நெனச்சு... அழிச்சுட்டேன்." வயசான மனுஷன் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார்.

அவள் ஒரு சட்டையின் காஜாவைப் பிரித்துப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும். பரண்மேல ஒட்டடை அடிங்கன்னா என் கல்யாணப் போட்டோவைத் தூக்கிப் போட்ட ஆளு நீங்க. சபதம்னு நீங்க எழுந்து நின்னீங்களே, அப்பவே மூட்டையக் கட்டிட்டேன். அவன் எழுதினது ஒரு எழுத்து விடாம இப்ப வேற ஊர்ல இருக்கு. அவன் சிநேகிதி ஒருத்தி அமைச்சுக் குடுத்தா."

அவர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரிடமும் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"எனக்கு... காட்டுவியா?"

"அங்க சேரணும். வாசல் இந்தாங்க." போனைத் தட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து மெஷினில் வைத்தாள்.

திரையில் ஒரே ஒரு கட்டம். ஒரே ஒரு கேள்வி. 'யாரைப் பார்க்க வந்தீர்கள்?'

அவருடைய வாக்கியம்தான், எழுத்து மாறாமல் இருந்தது. 'என் பையனை' என்று எழுதி அழுத்தினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரையில் எழுத்து வந்தது.

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நிர்வாகி காலர் தைத்துக்கொண்டிருக்கிறார், முடித்துவிட்டுப் பார்ப்பார். அதுவரை வாசலில் காத்திருக்கவும்.'