சோலாரின் ராகு காலம்

தாம்பரம் முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரை கையில் கடிகாரம் கட்டிய அத்தனை பேரும் தப்பு, தான் ஒருத்தன்தான் சரி என்று நம்பிய ஒரே மனிதன் எங்கள் சோலார். அவனுடைய சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவன் சோலார்தான்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் அக்கவுண்ட்ஸ், அவன் ஸ்டோர்ஸ். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒன்றாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்போம். செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத, இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. துபாயிலிருந்து அவன் மாமா ஒரு சோலார் வாட்ச் கொண்டுவந்து கொடுத்தார். வெளிச்சம் பட்டால் சார்ஜ் ஏறும், பேட்டரி மாற்ற வேண்டாம். விஷயம் அவ்வளவுதான். நம் ஆள் புரிந்துகொண்டது வேறு.

"சார், உங்க வாட்ச் பேட்டரியைக் கேட்டு டைம் சொல்லுது. என்னோடது நேரா சூரியனைக் கேட்டு சொல்லுது. சூரியன் என்னிக்காவது லேட்டா வருமா சார்?"

"அப்படி இல்லப்பா. வெயில் அதுக்குச் சாப்பாடு மாதிரி. டைம் சொல்றது உள்ள இருக்கிற குவார்ட்ஸ். என் வாட்ச்லயும் அதேதான். ரெண்டுமே மாசத்துக்குச் சில செகண்டு முன்னப்பின்ன போகும்."

"சாப்பாடு போடறவன் பேச்சைத்தானே சார் கேக்கும்?"



பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெயிலில் நீட்டிக்கொண்டே வருவான். டிரைவர் அலறுவார்.

"யோவ், கைய உள்ள இஸ்துக்கோய்யா! லாரிக்காரன் பிச்சிகினு பூடுவான்!"

"சாப்பிடுதுண்ணா, ரெண்டே நிமிஷம்!"

போகப்போக அந்த டிரைவரும் கெட்டுப்போனார். "இன்னாபா, சூரியன் இன்னா சொல்லுது? வண்டிய எடுக்கலாமா?" என்று இவனைக் கேட்டுத்தான் பஸ்ஸைக் கிளப்புவார்.

அந்த வருடம் ஐப்பசியில் அடைமழை. ஒரு வாரமாகச் சூரியனைக் காணோம். ஒருநாள் காலையில் சோலார் முகம் வெளிறி ஓடிவந்தான்.

"சார், செகண்டு முள்ளு ரெண்டு ரெண்டா தாவுது. டபுள் ஸ்பீட்!"

"சார்ஜ் கம்மின்னு சிக்னல்ப்பா அது. ரெண்டு செகண்டு சும்மா நின்னுட்டுச் சேர்த்துத் தாவும். டைம் சரியாத்தான் இருக்கும்."

"அப்ப நடுவுல இருந்த செகண்டு எங்க சார் போச்சு?"

அன்றைக்கு நான் ஆபீஸில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. அந்த செகண்டைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தானா செம்பாக்கத்தில் அவனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும்? முப்பத்தைந்து தாண்டியாயிற்று, வந்த வரனெல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணின் அப்பாவோ ராகு காலத்தில் தும்மக்கூட மாட்டார் என்று கேள்வி. ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் போச்சுன்னா எனக்கு மனசு விட்டுடும் தம்பி. நீங்கதான் நேரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

நான் என்ன செய்ய? "ரெண்டு வாட்ச் இருந்தா டைம் குழம்பும் சார்" என்று சோலார் என் வாட்சைக் கழற்றி வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். அவன் வீட்டில் சுவர்க் கடிகாரம் இல்லையா என்று கேட்காதீர்கள். அதை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுப் பிளாஸ்டிக் பக்கெட் வாங்கியிருந்தான். வாட்சோ டபுள் ஸ்பீட், ஆகவே காட்டுகிற நேரத்தில் பாதியைக் கழிக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. நிதானமாக ஷேவ் செய்துகொண்டான். வானம் இருண்டு கிடந்ததில் எனக்குக் காலையா மாலையா என்பதே சந்தேகம்.

செம்பாக்கத்தில் பெண்ணின் அப்பா வாசலிலேயே எங்களை நிறுத்தினார்.

"ராகு காலம் வந்துடுச்சே! மணி நாலே முக்கால்" என்று உள்ளே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். சோலாரின் அம்மா அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அது பத்து நிமிஷம் பாஸ்ட்டுங்க. பொண்ணு டிரெயினை விட்டுடறான்னு நான்தான் தள்ளி வெச்சேன்" என்றார் பெண்ணின் அம்மா.

"நீயுமா? நான் வேற பத்து நிமிஷம் தள்ளி வெச்சிருக்கேனே!"

பெண்ணின் சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ரொம்ப பாஸ்ட்டா இருக்கேன்னு நான் அஞ்சு நிமிஷம் பின்னால வெச்சேண்ணா."

கூட்டிக் கழித்தால் சரியாக நாலரை வந்தது. நாலரை என்றால் ராகு காலம் தொடங்கிவிட்டதா, இல்லையா? வாசலில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சோலார் வேறு "இப்ப மணி ரெண்டே கால்தான்" என்று நடுவில் புகுந்தான்.

அப்போது கையில் காபித் தட்டோடு பெண்ணே வந்து நின்றாள்.

"இங்க யாருக்குமே மணி தெரியல. ராகுவுக்கு மட்டும் தெரியுமாப்பா? காபி ஆறுது, உள்ள வரச் சொல்லுங்க."

அப்பா ஒரு கணம் முழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

காபியைக் கொடுக்கும்போது அந்தப் பெண் அவன் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். "என்னங்க, முள்ளு இப்படித் தாவுது?"

சோலார் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, "பசிங்க" என்றான்.

அவள் நேராகப் போய் டியூப் லைட்டைப் போட்டுவிட்டு வந்தாள்.

 பைத்தியக்காரப் பயல்தான். ஆனால் அவனுக்குக் கல்யாணம் கூடிவந்ததில் அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.