மேற்படியாரின் கட்டுரை வகுப்பு

மேற்படியார் அன்று ஒரு சபதம் எடுத்தார். ஊரே மூக்கின் மேல் விரல் வைக்கும்படி மகளைக் கட்டுரை எழுத வைத்துவிட்டுத்தான் மறுவேலை!

மேற்படியார் என்பது ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். 'மேற்படி' போடாமல் அவருக்கு ஒரு கடிதமும் நகராது. வீட்டில் அவருக்குப் பெயரே தேவைப்படவில்லை. மனைவியும் மகளும் சமையலறையில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னவோ ஏதோ என்று இவர் எட்டிப் பார்த்தால், குழாயை மூடியதுபோலச் சிரிப்பு நின்றுவிடும்.

"என்னங்க, காபி வேணுமா?" என்பாள் மனைவி.

வேண்டாத காபியை வாங்கிக்கொண்டு தன் அறைக்குத் திரும்புவார். அந்த வீட்டில் அவர் குடித்த காபியில் பாதி இப்படிக் குடித்ததுதான். சொந்த வீட்டிலேயே குடிக்கூலிக்கு இருப்பவர் மாதிரி அவருக்குத் தோன்றும்.

அதனால்தான், "பொண்ணுக்குக் கட்டுரையே வரமாட்டேங்குதுங்க. நீங்க கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்" என்று மனைவி கேட்டதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் தலைப்பு, மழை.

"மேலே 'பொருள்'னு போட்டு, மழைன்னு எழுது. அதுக்குக் கீழே 'பார்வை'."

"பார்வைன்னா என்னப்பா?"

"இதைப் பத்தி முன்னாடி வந்த கடிதம்."

"மழை எங்கப்பா கடிதம் போட்டுட்டு வருது?"

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. சிரிப்பை அடக்குகிறவர்கள் கையிலிருந்துதான் பாத்திரம் அப்படி விழும்.

"எனக்கு ஒண்ணும் தோணலைப்பா. நீங்க மழையில மாட்டிக்கிட்டதைச் சொல்லுங்க."

சொன்னார். அவசரத்தில் மேலதிகாரியின் குடையைத் தூக்கிக்கொண்டு வந்ததையும், மறுநாள் அவரோடு சேர்ந்து அதே குடையை ஆபீஸ் முழுக்கத் தேடியதையும் சொன்னார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மனைவி கரண்டியோடு வந்து கதவோரம் நின்று சிரித்தாள். தன் பேச்சுக்கு இந்த வீட்டில் சிரிப்பா! அவரால் நம்பவே முடியவில்லை.

அப்புறம் தினமும் வகுப்பு. பிள்ளை பாவம், எந்தத் தலைப்பானாலும் அதற்கு ஒரு வரி தோன்றாது. அப்பாவேதான் பேச வேண்டியிருந்தது. ஒரு நாள் 'என் நண்பன்' என்ற தலைப்பு வந்தது.

"உங்க நண்பர் யாருப்பா?"

மேற்படியார் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"சரி, மத்தியானம் யார்கூடச் சாப்பிடுவீங்க?"

"என் மேஜைக்கு எதிர்ல ஒரு பீரோ இருக்கும்மா. அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டுடுவேன்."

"பீரோகூடவா?"

"அது ஒண்ணும் தொந்தரவு பண்ணாது."

வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தலைப்பு வேண்டாம்டி. வேற ஏதாவது கேளு" என்றாள் மகளிடம்.

மறுவாரம் ஆபீஸிலிருந்து வரும் வழியில், பள்ளிக்கூட வாசலில் மகளின் ஆசிரியை எதிர்ப்பட்டார். மேற்படியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"கட்டுரை இப்போ பரவாயில்லையா டீச்சர்? நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்."

"அவளுக்கா? கட்டுரையில எப்பவும் அவதான் சார் முதல்! அவ எழுதினதைத்தான் மத்த பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்."

மேற்படியாருக்கு வந்ததே கோபம்! தாயும் மகளுமாகச் சேர்ந்து காதில் பூ சுற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நடையை எட்டிப் போட்டார். தெருமுனை திரும்பியதும் நடை தளர்ந்தது. கேட்டுவிட்டால்? வகுப்பு நின்றுவிடும். பழையபடி காபி, பழையபடி அறை. நினைத்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது.

மூச்சு விடக்கூடாது. எதுவும் தெரியாதவர் மாதிரியே பாடம் நடத்த வேண்டியதுதான். அவர்கள் என்னை ஏமாற்றினால் நான் அவர்களை ஏமாற்றுகிறேன்! தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

முகத்தை முடிந்தவரை கடுமையாக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"எங்கே அவ? கட்டுரையில இப்படி மார்க் குறைஞ்சா எப்படி?"

"டீச்சர் போன் பண்ணினாங்க" என்றாள் மனைவி.

மேற்படியார் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். "அப்போ... வகுப்பு?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

சமையலறையில் மகள் மூன்றாவதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வகுப்பு எப்பவும்போல உண்டுங்க. அவ எப்பவோ தேறிட்டா, இது உங்களுக்கு நடக்கிறது" என்றாள் மனைவி. "கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க."