பாவம் பார்த்துக் கசந்த விபூதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றால் இரண்டு வகை ஜனங்கள் இறங்குவார்கள். டீ குடிக்க இறங்குகிறவர்கள் ஒரு வகை. நாக்கை நீட்ட இறங்குகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது கூட்டம்தான் பெரிது.

நாக்கை நீட்டியது கசப்புச் சாமியாரிடம். சாலையோரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை. உள்ளே புலித்தோல் அச்சிட்ட துணி. புலி கிடைக்கவில்லை போலும். அதன்மேல் அவர். எதிரே காய்ச்சல்காரர்களின் வரிசை. ஒரு சிட்டிகை விபூதி எடுத்து நாக்கில் வைப்பார். அடித்தொண்டை வரை கசக்கும்.

"கசக்குதா? உம் பாவம் கரையுது. எவ்ளோ கசப்போ அவ்ளோ பாவம்" என்பார்.

இரண்டு மூன்று நாளில் பலருக்குக் காய்ச்சல் இறங்கியது. அதுதான் விசேஷம். வெறும் சாம்பல் கொடுக்கிற சாமியார்களையே சுமந்து திரிகிற நாடு இது. நிஜமாகவே காய்ச்சலை இறக்குகிற சாமியார் கிடைத்தால் விடுமா? பென்னலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சளி பிடித்தவன் வந்தான். கால் சுளுக்கியவன் வந்தான். பரீட்சையில் தோற்றவனுக்கும் ஒரு சிட்டிகை கிடைத்தது.

வல்லம் வடகாலில் இரண்டு காணி நெல் வைத்திருந்த நாகப்பன், தன் மனைவி கன்னியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். பத்து நாளாகக் காய்ச்சல். விபூதி நாக்கில் பட்டதும் அவள் முகம் கோணிப்போனது.

சாமியார் தலையை ஆட்டினார். "பெரிய பாவம். அத்த வாய்விட்டுச் சொன்னாத்தான் முழுசாப் போவும்."

பொட்டலம் கட்டிக் கொடுத்ததில் நான்கு நாள் சிட்டிகை. காய்ச்சல் இறங்கியது. விபூதியை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது. நாகப்பனுக்கு விபூதியின்மேல் சந்தேகம் வரவில்லை. பெண்டாட்டியின்மேல் வந்தது.

"மறைக்காத சொல்லு. இன்னா பாவம் பண்ணே?"

"உங்கம்மா ஊறுகா ஜாடிலேர்ந்து ஒரு மாங்கா எடுத்துத் துண்ணேன்யா" என்றாள், அனலில் வெந்துகொண்டே.

"மாங்காய்க்கா இவ்ளோ கசக்கும்? இன்னும் ஏதோ கீது."

"பொண்ணு பாக்க வந்தப்போ உம் மூஞ்சி புடிக்கலேன்னு எங்க அக்காகிட்ட சொன்னேன்."

அதுவும் போதவில்லை. தெருவே அவளுக்காகப் பாவம் தேட ஆரம்பித்தது. சந்தைக்குத் தனியாகப் போனாளே, வளையல்காரனிடம் சிரித்துப் பேசினாளே என்று ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். நாகப்பன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, செய்யாத பாவம் ஒன்றைச் சொல்லித் தொலைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பெருந்தேவி வந்தாள். ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற அரசாங்க நர்சு. பக்கத்து வீட்டுக்கு வந்தவள் முனகல் கேட்டு உள்ளே நுழைந்தாள். தொட்டுப் பார்த்தாள். தலைமாட்டில் இருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து நாக்கு நுனியில் வைத்தாள்.

"இத்த யார் கொடுத்தது?"

"சாமியார். ரொம்பக் கசக்குதாம்மா? அவ்ளோ பாவம் நான் பண்ணலம்மா" என்று அழுதாள் கன்னியம்மா.

"எனக்கும் அதே கசப்புத்தான் கசக்குது. நான் இன்னிக்குத்தான் உங்க வூட்டுக்கே வந்திருக்கேன். உன் பாவம் எனக்கெப்படிக் கசக்கும்?"

ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்காக மாத்திரைக் கூட்டைப் பிரித்து, உள்ளிருக்கும் தூளைத் தேனில் குழைத்துக் குழைத்து அந்தக் கசப்பு அவளுக்கு அத்துப்படி. டைபாய்டு காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்து. ரத்தத்தைச் சோதித்து, அளவு பார்த்து, இரண்டு வாரம் விடாமல் கொடுக்க வேண்டியது. அதைச் சாம்பலில் கலந்து சிட்டிகை சிட்டிகையாகக் கொடுத்தால் காய்ச்சல் கொஞ்சம் பதுங்கும், பிறகு பாயும்.

அன்றைக்கே வண்டி கட்டச் சொல்லி, கன்னியம்மாவைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினாள். நாகப்பன் முறைத்துக்கொண்டேதான் மாட்டைப் பூட்டினான்.

"நாயித்துக்கெழம சாமியார் கொட்டாய்க்கு வா. உம் பொண்டாட்டி பாவத்த நானே கண்டுபுடிச்சுத் தரேன்" என்றாள் பெருந்தேவி.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகை நிரம்பி வழிந்தது. பெருந்தேவி வரிசையில் வந்து சாமியார் முன்னால் இரண்டு பொட்டலங்களை வைத்தாள்.

"சாமி, ஒண்ணு நீங்க கொடுத்த விபூதி. இன்னொண்ணு, காலைல டீக்கடை அடுப்புச் சாம்பல்ல ஆஸ்பத்திரி மாத்திரையை உடைச்சுக் கலந்தது. எதுல உங்க அருள் கீதுன்னு தொட்டுச் சொல்லுங்க."

கூட்டம் கிசுகிசுத்தது. சாமியார் கண்ணை மூடினார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். பாவமே இல்லாத அந்த மகானின் முகமும் கோணியது. அதை முன்வரிசை பார்த்துவிட்டது.

"இதோ. இதுதான்" என்று இடது பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தார்.

டீக்கடை எல்லப்பன் பின்னாலிருந்து கத்தினான். "அடப்பாவி, அது எங்கடை அடுப்புச் சாம்பல்! நான்தான் அள்ளிக் கொடுத்தேன், காயிதத்து உள்ளாற எம் பேரு எழுதிக் கீது பாரு!"

எழுதித்தான் இருந்தது. முன்வரிசை ஆட்கள் இரண்டையும் நக்கிப் பார்த்தார்கள். ஒரே கசப்பு. பிறகு எல்லப்பன் அள்ளிவந்த, மாத்திரை கலக்காத அடுப்புச் சாம்பலை நக்கினார்கள். கசப்பே இல்லை. ஊரில் பேர்போன இரண்டு கேடிகளுக்கும் கசக்கவில்லை.

"சோதனை பண்றவங்க நாக்கு அழுகும்!" என்று சாமியார் எழுந்தார்.

நாகப்பன் அதற்குள் புலித்துணியை உருவியிருந்தான். அடியில் ஒரு தகரப்பெட்டி. கவிழ்த்தான். காலி மாத்திரைக் கூடுகள் கொட்டின. கூட்டத்தில் ஒருவன் அடையாளம் சொன்னதில் சாமியாரின் பூர்வாசிரமமும் வெளியே வந்தது: தணிகாசலம், எங்கோ ஒரு மருந்துக்கடையில் மாத்திரை திருடி விரட்டப்பட்ட ஆள்.

"யோவ், எம் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் திரும்பி வந்திச்சே, அது அவ பாவமா, உன் அரைகுறை மருந்தா?" என்று திரும்பினான் நாகப்பன். பதில் சொல்ல சாமியார் அங்கே இல்லை. கொட்டகையின் பின்பக்கத்துக் கீற்றில் ஓர் ஆள் அளவு ஓட்டை இருந்தது.

இருபது நாளில் கன்னியம்மா எழுந்து உட்கார்ந்தாள். நாகப்பன் கட்டிலோரம் நின்றான்.

"தப்பு எம்மேலதான்."

"தெரியிதில்ல? ஆனா மூஞ்சியப் பத்திச் சொன்னது நெசந்தான்யா" என்றாள் அவள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களை நான் மெச்சிக்கொள்வேன். அடுத்த வாரமே பெருந்தேவி வீட்டு வாசலில் வரிசை நின்றது.

"நர்சம்மா, அந்தக் கசப்பு மாத்திரை கொடு. தும்மலு."

"தும்மலுக்கு அது எதுக்கு? சுடுதண்ணி குடி. கண்டபடி துண்ணா ரத்தமே கெட்டுப்போவும்."

"எனக்கு முட்டிவலி. ஒண்ணே ஒண்ணு போதும்."

அவள் கொடுக்கவில்லை. ராசியில்லாத நர்சு என்று முணுமுணுத்தபடி, கடைத்தெருவில் பலகை மாட்டியிருந்த டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அவர் அதே மாத்திரையைத் தும்மலுக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று என்று எழுதித் தள்ளினார். பெருந்தேவி அவரிடமே போய்க் கேட்டாள்.

"நான் இன்னாம்மா பண்றது? மாத்திரை இல்லாம அனுப்பினா என்னை டாக்டருன்னே நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார், படித்துப் பட்டம் வாங்கிய அந்த மனிதர்.

நம்ப மாட்டார்களாம்! தணிகாசலமும் இதைத்தானே சொல்லியிருப்பான்?

மருந்து உண்மை. அதைக் கண்டுபிடித்தவனின் மூளையும் உண்மை. எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்காமல் நாக்கை நீட்டினால், அதில் சாம்பலை வைத்தால் என்ன, மாத்திரையை வைத்தால் என்ன? நீட்டுகிற நாக்கால் ஒரு கேள்வியும் கேட்கலாமய்யா, அது கசக்காது.