காப்பீட்டு அட்டையும் உன் அப்பாவின் வாயும்

அன்பும் படிப்பும் நிறைந்த, அப்பாவைப் போலவே பிடிவாதமும் நிறைந்த மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கு நான் நலம். உன் சித்தி நலம், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. உன் அப்பாவும் நலம் என்று எழுதலாம்தான். கீழே உள்ளதைப் படித்துவிட்டு அதை நீயே முடிவு செய்துகொள்.

முதலில் ஒன்று. இத்தனையும் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். நீ அந்த மருத்துவக் காப்பீட்டு அட்டையை அனுப்பிய அன்று, உன் அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காய்கறிச் சந்தை முழுக்கக் காட்டித் திரிந்தாரே, அன்றைக்கே, "அண்ணே, இது காட்டத்தான் ஆகும், காப்பாத்த ஆகாது" என்றேன். சாட்சி உன் சித்தி. ஆனால் அவளைக் கேட்காதே, அவளுக்கு ஞாபகமறதி. நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், ஒரு தடவை படித்தவர்களைவிட இரண்டு மடங்கு தெரிந்தவன். போதாததற்கு அரசாங்க ஆஸ்பத்திரி முழுவதற்கும் டிஸ்டெம்பர் வர்ணம் அடித்தவன், உன் அப்பா என்னைக் கூப்பிடுவதே டிஸ்டெம்பர் என்றுதான். எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன வியாதி படுத்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். போனில் இதையெல்லாம் விளக்க முடியவில்லை, நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறாய், ஆகவேதான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலை உன் அப்பா சந்தையில் காய்கறி ஏலம் விடுவதற்குக் கிளம்பிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை பொத்தானைத் தேடிப் போய், வழி தெரியாத மாதிரி பாதியில் நின்றுவிட்டது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நான் அடித்த சுவர், வழவழப்பு அதிகம், சரியாமல் என்ன செய்வார். ஒற்றை ஆளாக அவரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன், கால்மாட்டில் மட்டும் டாக்சிக்காரர் கொஞ்சம் பிடித்தார். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "சார், எந்தப் பக்கம்?" என்றார் அவர். இடது பக்கம் திரும்பினால் அரசாங்க ஆஸ்பத்திரி, கூப்பிடு தூரம். வலது பக்கம் மேம்பாலம் ஏறி இறங்கினால், அட்டையை எடுத்துக்கொள்கிற தனியார் ஆஸ்பத்திரி. விஷயம் தெரிந்தவனாகிய நான் "இடது" என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டி, "டேய் டிஸ்டெம்பர், எம்பொண்ணு கட்டி வாங்குன கார்டுடா! பெட்டியில பூட்டி அழகு பாக்கவா குடுத்தா? வலது பக்கம் திருப்பச் சொல்லு!" என்று சந்தைக்கே கேட்கிற குரலில் அதட்டினார். அண்ணன் சொல்லை என்றைக்கு நான் தட்டியிருக்கிறேன்?

அந்த ஆஸ்பத்திரியை நீ பார்த்திருக்க வேண்டும். தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வாசலில் மீன்தொட்டி. சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், துளி உதிரவில்லை, தொழில் தெரிந்தவன் எவனோ அடித்திருக்கிறான். உன் அப்பாவைத் தள்ளுபடுக்கையில் கொண்டுபோய்ப் படமெடுத்து, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, கரைக்கிறதுக்கு ஊசி இருக்கிறது, கார்டுக்கு அனுமதி வந்தவுடன் போட்டுவிடலாம் என்றார்கள். காப்பீட்டு மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பேஷன்ட்டுக்கு முன்னாடியே ஏதாவது தொந்தரவு உண்டா சார்?" என்று கேட்டது. உள்ளதைச் சொன்னால், உன் அப்பா பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் கட்டிக்கொண்டதே கிடையாது. ஆனால் அப்பேர்ப்பட்ட இடத்தில் போய் "ஒண்ணுமில்ல" என்றால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? "எங்கண்ணனை யாருன்னு நெனச்சே? பத்து வருஷமா பிரஷர்! ரெண்டு தடவ நெஞ்சுவலி! ஒரு மாத்திரை தொட்டதில்ல. வலியோட வலியா நின்னு ஏலம் விடுவாரும்மா, சிங்கம்!" என்றேன். அந்தப் பெண் வைத்த கண் வாங்காமல் கேட்டதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அது கேட்டுக்கொண்டே டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு உட்கார்ந்தோம். "கம்பெனிக்கு அனுப்பியாச்சு சார்" என்றார்கள். "பாத்துட்டிருக்காங்க சார்" என்றார்கள். "அங்க இப்ப சாப்பாட்டு நேரம் சார்" என்றார்கள். மீன்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. உன் அப்பா படுக்கையிலிருந்து, "என்னடா, இன்னும் ஏலம் படியலையா? என்னை எவனும் கேக்கலையா?" என்றார். காவலாளிகூடச் சிரித்துவிட்டார். கடைசியில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு, "பாலிசி எடுக்கறதுக்கு முன்னாலயே இருந்த நோய். மறைச்சிருக்கீங்க. அனுமதி இல்லன்னு வந்துடுச்சு" என்றது.

"யாரும்மா சொன்னது நோயின்னு?"

"நீங்கதான் சார்."

"அது சும்மா ஒரு கெத்துக்குச் சொன்னதும்மா. அழிச்சிடு."

"ஏத்தியாச்சு சார். முன்பணம் கட்டறீங்களா, இல்ல அழைச்சிட்டுப் போறீங்களா?"

என் பையில் இருந்தது உப்புத்தாளும் ஒரு பிரஷ்ஷும். அழைத்துக்கொண்டு போனேன். மேம்பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அங்கே யாரும் கார்டு கேட்கவில்லை, பேரைக்கூட அப்புறம்தான் கேட்டார்கள். கண்ணெல்லாம் சிவந்த ஒரு டாக்டரம்மா ஓடிவந்து அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்து, "எப்ப விழுந்தாரு?" என்றது. "காலையில" என்றேன். "காலையிலயா? இவ்வளவு நேரம் எங்க வச்சிருந்தீங்க? அந்த ஊசிக்கு நேரம் தாண்டிடுச்சுங்க. இனிமே போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். நேரா இங்க வந்திருந்தா அப்பவே போட்டிருப்போமே!"

"அதுக்கு எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"இங்க எதுக்குங்க காசு?" என்றது.

இதைத்தான் நான் அன்றே சொன்னேன் என்று அந்த அம்மாவிடமும் சொன்னேன். "சொல்லிட்டு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டது. படித்தவர்களுக்குப் பேசத் தெரிவதில்லை.

இப்போது அப்பாவுக்கு ஜன்னலோரப் படுக்கை. ஒரு பக்கம் கொத்தனார், இன்னொரு பக்கம் பஸ் கண்டக்டர், நல்ல மனிதர்கள். சுவரெல்லாம் நான் அடித்த பச்சை. அங்கங்கே உதிர்கிறது, அது சுண்ணாம்பின் குற்றம், என் குற்றமில்லை. உன் அப்பா விடுகிறாரா? "டேய் டிஸ்டெம்பர், நீ அடிச்ச சுவர் உதிர்ந்து நான் குடிக்கிற பால்ல விழுதுடா! உன் வர்ணமும் உன் வாயும் ஒண்ணு, ரெண்டும் ஒரு மழை தாங்காது!" என்று காலையில் தொடங்கினால் வார்டே சிரிக்கிறது. கொத்தனாரை எடை போட்டு ஏலம் விடுகிறார். நீ போன் செய்யும்போதெல்லாம் அவர் தூங்குவதற்குக் காரணம் இதுதான், பேசிப் பேசிக் களைத்துப்போகிறார். வலது கையும் காலும் மட்டும் இன்னும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. "எம்பொண்ணு சரியாத்தான் செஞ்சா. அவமேல தப்பில்ல" என்றுதான் நேற்றுக்கூடச் சொன்னார். ஆகவே நீ அந்த அட்டையை நினைத்து அழ வேண்டாம்.

நீயும் உன் வீட்டுக்காரரும் காய்ச்சல் தலைவலி அண்டாமல், எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எல்லாம் முன்பே அறிந்த உன் சித்தப்பா.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரே ஒரு விஷயம் நானாகச் சேர்த்தது. உன் அப்பா பேசியதாக வருகிறதே, அது. சட்டைப் பொத்தானில் கை நின்ற நிமிஷத்திலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை கண்ணு. டாக்சியிலும் இல்லை, மீன்தொட்டிப் பக்கத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை. வாயை அசைக்கிறார், ஒரு சத்தம் வருகிறது, அதுவும் ஒரே சத்தம். பேச்சு திரும்புமா என்று கேட்டால் டாக்டரம்மா, "வீட்டாளுங்க பக்கத்துல இருந்து பேசிட்டே இருங்க" என்கிறது. சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டியவர், எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை வரும் என்று எனக்கு மனப்பாடம், அதனால் எழுத முடிந்தது. தினமும் போய், நீ அடிச்ச சுவர் உதிருதுடா என்று அவருக்காக நானே சொல்லிப் பார்க்கிறேன். கொத்தனார் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். தெருமுனையில் அவர் இடது கையைத் தூக்கிக் காட்டியது மட்டும் நிஜம். எந்தப் பக்கம் காட்டினார் என்று டாக்சிக்காரரைக் கேட்காதே. புறப்பட்டு வா.